பொருள் திரிந்த மருந்து

இலக்கணத்திலே போலி என்பது குற்றமன்று. அறம் என்பது அறன் எனவும், பந்தல் என்பது பந்தர் எனவும் எழுத்துத் திரிந்து வரினும் பொருள் திரியாமையின் ஆன்றோர் அதனை ஏற்றுக்கொண்டனர். முப்பது ஆண்டுகளாக இதனை மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். சென்ற திங்கள் என் முன்னாள் மாணவி ஒருத்தி மேசைமீது வைத்த சிறு பொதியொன்று, பெயர் திரியாது பொருள் மட்டும் திரிந்து நிற்கும் வேறொரு வகைப் போலியை நினைக்கச் செய்தது.

அவள் இப்பொழுது ஓர் ஆசிரியை. ஆவணியில் திருமணம். "கூறைச் சேலை உடுக்குமுன் பத்துக் கிலோ குறைய வேண்டும், ஐயா" என்று நகைத்தவாறே சொன்னாள். இணையத்தில் விளம்பரம் கண்டு, கைத்தொலைபேசியிற் கட்டளையிட்டுத் தபாலிற் பெற்ற குளிசைகள் அவை. "நூறு வீதம் மூலிகை; பக்கவிளைவு அற்றது" என்று பொதியிற் பொறிக்கப்பட்டிருந்தது. செய்தவர் பெயரில்லை, ஊரில்லை, தொகுதி இலக்கமுமில்லை. அவள் வந்தது மருந்தைப் பற்றி வினவுதற்கன்று. பொதியிற் கண்ட மூலிகைப் பெயரொன்றின் எழுத்துச் சரிதானா என்று கேட்பதற்கே. எழுத்துப் பிழைதான். பேச்சிடையே, இரு கிழமையாகப் பசியே இல்லை என்றும், இரவில் நெஞ்சு படபடக்கின்றது என்றும் சொன்னாள். அதன் பின்னர் எனக்கு எழுத்தில் மனம் செல்லவில்லை.

எந்த மூலிகை இரண்டு கிழமையிற் பசியை வேரோடு அறுக்கும்? சிபுட்ரமின் என்றொரு இரசாயன மருந்து உண்டு. பசியை அடக்குவது, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துவது. இதயநோய் உடையோரிடத்து மாரடைப்பும் பாரிசவாதமும் மிகுதல் பேராய்வொன்றில் வெளிப்பட்டமையால், 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது சந்தையினின்று நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட மருந்து மறைந்துபோகவில்லை. மூலிகை என்றும், மெலிவிக்கும் கோப்பி என்றும் பெயர் புனைந்து திரிவதைப் பல நாட்டு ஆய்வுகூடங்கள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்துள்ளன. அந்தப் பொதியில் இருந்ததும் அதுவே என்று நான் சொல்லவில்லை. அதனை ஆய்வுகூடமே சொல்லவேண்டும்.

இது புதிய சூதுமன்று. 2002இல் சிங்கப்பூரில் 'ஸ்லிம் 10' என்னும் மெலிவுக் குளிசையை உண்ட பெண்ணொருத்தி ஈரல் பழுதுற்று இறந்தார். அதே குளிசையால் ஈரல் கெட்ட நடிகை ஒருவர், மணஞ்செய்யவிருந்த ஆடவர் தம் ஈரலில் ஒரு பகுதியை ஈந்தமையால் உயிர் தப்பினார். குளிசையில் ஒளிந்திருந்தது பென்புளூரமின் இனத்து மருந்து. இதய வால்வுகளைக் கெடுக்கும் என்று பென்புளூரமின் 1997இலேயே அமெரிக்கச் சந்தையினின்று எடுக்கப்பட்டிருந்தது.

இவற்றினும் கொடியது டீ.என்.பீ. எனச் சுருக்கிக் கூறப்படும் டைநைட்ரோபீனால். முதல் உலகப் போர்க்காலத்திற் பிரான்சிலே வெடிமருந்து செய்யப் பயன்பட்ட பொருள் அது. 1933இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் அது உடற்கொழுப்பை எரிக்கும் என்று எழுதினர், மக்கள் வாங்கி உண்டனர், சிலர் கண்படலம் பற்றிப் பார்வை இழந்தனர், சிலர் மாண்டனர். உணவினின்று உயிரணு பெறும் ஆற்றலைச் சேமிக்க விடாது வெப்பமாகச் சிதறடிப்பதே அதன் தொழில். அளவு சிறிது மீறின் உடல் உள்ளிருந்தே வேகும். அதற்கு மாற்று மருந்து இல்லை. 1938இல் அமெரிக்கா அதனை மனிதர் உண்ணத் தகாதது என்று விலக்கியது. ஆயினும் 2015இல் இங்கிலாந்தில் 21 வயது மாணவி ஒருத்தி இணையத்தில் வாங்கிய இதனை உண்டு மாண்டாள். விற்றவன் மறுவிசாரணையின் பின் 2020இல் ஏழாண்டுச் சிறைத்தண்டம் பெற்றான்.

இன்றைய மோகம் ஊசிமருந்தின்மேல். செமக்ளூட்டைட் என்பது நீரிழிவுக்கென வந்து, உடல் மெலிவித்தலாலும் புகழ்பெற்ற மெய்யான மருந்து. அதன் புகழே போலியை ஈன்றது. வேண்டுவோர் பெருகினர், மருந்து தட்டுப்பட்டது, விலையும் உயர்ந்தது. 2023 ஒக்டோபரில் ஒஸ்திரியாவில் போலி ஊசி ஏற்றியவர் சிலர், குருதிச் சர்க்கரை தாழ்ந்து வலிப்புற்று மருத்துவமனை சேர்ந்தனர். ஊசியினுள் இருந்தது இன்சுலினாகலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் ஐயுற்றனர். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமும் பிரேசில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிற் பிடிபட்ட போலிகளைக் காட்டி எச்சரித்தது.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் என நான்கினை ஒருங்கே வைத்து முடிகின்றது. இணைய வாணிகத்தில் மருத்துவன் இல்லை, அருகிருப்பவன் இல்லை, மருந்து மருந்தன்று, வாங்குபவள் பெரும்பாலும் நோயாளியுமல்லள். பணம் ஒன்றே மெய்.

நம் நாட்டிற் சட்டம் இல்லாமலில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை மருந்துகளைப் பதிவு செய்கின்றது. ஆனால் கடையை முத்திரையிடலாம். கைத்தொலைபேசித் திரையை யார் முத்திரையிடுவது? பெண்களின் ஆசையே காரணம் என்று சிலர் சொல்லக் கேட்கின்றேன். அது எளிய பேச்சு. மருத்துவரிடம் சென்று "நான் மெலிய வேண்டும்" என்று சொல்ல நாணுகின்றவரைத் தேடியே இவ்விளம்பரங்கள் வருகின்றன. அந்நாணத்தை ஊட்டியவர் யாவர்? இதே பிள்ளையை வகுப்பிலே 'பூசணி' என்று சக மாணவியர் அழைத்தபோது நானும் புன்முறுவல் பூத்துப் பாடத்தைத் தொடர்ந்தவன்தான். அவள் அதனை மறந்திருக்கலாம்.

"நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போ பிள்ளை, பொதியையும் கொண்டு போ" என்றேன். போனாள். மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்து, குளிசையை அன்றே நிறுத்தச் சொல்லி, மறு கிழமையும் வரப் பணித்தாராம். பொதியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். விற்றவனை அழைத்துக் கேட்க நாங்கள் முயன்றோம். அந்த இலக்கம் இயங்கவில்லை.