65 வயதுக்குப் பின் ஒரு யானை

கல்பாத்தித் தேர் நிலைக்கு வந்தவுடன் பாலக்காட்டில் விழாக்காலம் சூடுபிடிக்கிறது. சினக்கத்தூர்ப் பூரம், நென்மாறை வல்லங்கி வேலை என்று கோடை முற்றும் வரை யானைகளுக்கு இடைவெளி கிடையாது. எழுந்தருளலுக்கு நிற்கும் ஒவ்வொரு யானைக்கும் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். அச்சான்று ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது: இவ்விலங்கு இன்று நிற்கத் தகுதியுள்ளதா, இல்லையா? இருபது வயதுக் களிற்றைப் பொறுத்தவரை அக்கேள்வி போதுமானது. அறுபதைக் கடந்த யானையைப் பற்றிக் கேட்க வேண்டியது வேறு. அதற்கு நோய் உண்டு என்றே வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். எத்தனை நோய்கள், அவற்றுள் எது எதைத் தூண்டுகிறது, ஒன்றுக்குத் தரும் மருந்து மற்றொன்றை என்ன செய்கிறது என்பனவே அங்கு முதன்மையானவை. கேரளத்து யானைகளைப் பற்றிய விவாதம், சங்கிலி வேண்டுமா வேண்டாமா என்பதில் காட்டிய அக்கறையில் ஒரு பங்கைக்கூட இதில் காட்டவில்லை.

முதுமை பல்லிலிருந்து தொடங்குகிறது. யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் வருகின்றன. பழையது தேய்ந்து முன்னோக்கி நகர்ந்து விழ, பின்னாலிருந்து புதியது அவ்விடத்தைப் பிடிக்கிறது. ஆறாவது தேய்ந்தால் ஏழாவது இல்லை. காட்டு யானையாயின் அக்காலத்தில் ஆற்றோரத்து இளம்புல்லைத் தேடிப் போகும். கட்டுத்தறியில் நிற்கும் யானைக்கு முன்னால் விழுவதோ பெரும்பாலும் பனம்பட்டையும் தென்னையோலையும்தாம். அரைபடாத நார் பெருங்குடலில் திரண்டு அடைத்துக்கொள்கிறது. மலையாளிகள் எரண்டகெட்டு என்று அஞ்சும் நோய் இதுவே. நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், காதுநரம்பின் வழியே நீர்மம் ஏற்றிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர மருத்துவருக்கு அங்குப் பெரிதாக வழியில்லை. குறைந்த தண்ணீரும் நடையின்மையும் இந்நோயை விரைவுபடுத்தும். நடையின்மைக்குக் காரணமோ பெரும்பாலும் மூட்டுவலி.

மூட்டு இறுகிய யானை படுக்கத் தயங்கும். படுத்தால் எழ முடியாது என்பது அதற்குத் தெரியும். ஆகவே நின்றபடியே உறங்குகிறது. நாலைந்து டன் எடை இருபத்துநான்கு மணி நேரமும் சிமெண்டுத் தரையின்மீது நான்கு பாதங்களில் இறங்குகிறது. நகம் வெடிக்கிறது, பாதத்தில் சீழ் கட்டுகிறது. புண்ணுள்ள காலைத் தூக்கிப் பிடிக்க, எதிர்க்காலின் மூட்டு மேலும் கெடுகிறது. வலிநீக்கி கொடுத்தால் நடக்கும். ஆனால் நெடுநாள் கொடுத்த வலிநீக்கி குடற்சுவரையும் சிறுநீரகத்தையும் புண்படுத்தும். கொடுக்காவிட்டால் நடை நின்று, குடல் அடைக்கும். பல்லில் தொடங்கி நகம் வரை போய், மீண்டும் வயிற்றுக்கே திரும்பும் இந்தச் சுற்றில் தனித்தனி நோய்க்குத் தனித்தனி மருந்து என்ற அணுகுமுறை எங்கேயோ ஓரிடத்தில் யானையைக் கைவிட்டுவிடுகிறது.

காசநோய் சேர்ந்தால் சிக்கல் இன்னும் கடுமை. பழக்கிய யானைகளுக்கு இது பெரும்பாலும் மனிதரிடமிருந்தே தொற்றுகிறது. மருந்து பல மாதங்கள் நீள்கிறது, பசியைக் கெடுக்கிறது, ஈரலைச் சோதிக்கிறது. ஏற்கெனவே மெல்ல முடியாமல் இளைத்த யானைக்கு அம்மருந்தை எந்த அளவில், எத்தனை நாள் தருவது என்பதை எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. (முதுமையின் இன்னொரு அடையாளமான, துதிக்கையிலும் காதிலும் நிறம் வெளுத்த புள்ளிகள், விழா மேடையில் அழகாகவே எண்ணப்படுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.)

இங்கு ஒரு சிறிய ஒப்பீடு உதவும். மேலை நாடுகளில் வீட்டில் வளர்க்கும் ஃபெரெட் என்ற விலங்கு உருவில் நம் கீரியை ஒத்தது. எடை ஒரு கிலோவைச் சுற்றியே இருக்கும். வாழ்நாள் ஆறேழு ஆண்டு. நடுவயதைத் தாண்டியதும் அதற்கு அட்ரினல் சுரப்பியில் கட்டி, இரத்தச் சர்க்கரையை வீழ்த்தும் கணையக் கட்டி, இதயத் தசைநோய் ஆகியவற்றுள் இரண்டோ மூன்றோ ஒன்றாக வருவது வழக்கம். சர்க்கரையை உயர்த்தத் தரும் ஸ்டீராய்டு, தளர்ந்த இதயத்துக்குச் சுமையாகலாம். ஆகவே அங்குள்ள மருத்துவர் முழுமையான குணத்தைத் தேடுவதில்லை. எந்த நோயை அடக்குவது, எதைப் பொறுத்துக்கொள்வது என்று வளர்ப்பவரோடு கலந்து முடிவெடுக்கிறார். வளர்ப்பவரும் வீட்டிலேயே எடையைக் குறித்துவைத்து, உணவை மாற்றி, அடுத்த முறை அக்குறிப்போடு வருகிறார். ஒரு கிலோ விலங்குக்குச் சாத்தியமான இந்த ஒழுங்கு, தெய்வத்தின் திடம்பைச் சுமக்கும் விலங்குக்கு ஏன் இல்லை?

சட்டம் இல்லாததால் என்று சொல்லிவிட முடியாது. 2003ஆம் ஆண்டின் கேரள வளர்ப்பு யானை விதிகள் 65 வயதை ஓய்வு வயதாகக் கொண்டன. உடல்நலமுள்ள யானையாயின் மருத்துவச் சான்றோடு இலகுவான வேலை தரலாம் என்றன. தடுப்பூசிப் பதிவு, நோய் மற்றும் சிகிச்சைப் பதிவு, நடமாட்டப் பதிவு, தீவனப் பதிவு, வேலைப் பதிவு என்று தனித்தனி ஏடுகளையும் உரிமையாளரிடம் கோரின. ஆனால் இந்த ஏடுகளை ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டியவர் எவர் என்பது அந்த ஏற்பாட்டில் தெளிவில்லை. தீவனம் குறைந்த வாரத்தையும் லாரியில் நெடுந்தொலைவு போன வாரத்தையும் சாணம் இறுகிய வாரத்தையும் எவரேனும் அருகருகே வைத்துப் பார்த்தால், எரண்டகெட்டு வருமுன்பே தெரிந்திருக்கும்.

2019இல் தெச்சிக்கோட்டுக்காவு இராமச்சந்திரனைச் சுற்றி எழுந்த விவாதத்தை நினைவுகூரலாம். ஐம்பதைக் கடந்த, பார்வை குன்றிய அக்களிறு அவ்வாண்டு பிப்ரவரியில் குருவாயூர் அருகே மிரண்டதில் இருவர் இறந்தனர். அதற்கு விதித்த தடை பெரும் கிளர்ச்சியாக மாறியது. மே மாதம் மருத்துவக் குழு ஆய்ந்து, நிபந்தனைகளோடு திருச்சூர்ப் பூரத்தின் தெற்குக் கோபுர வாயிலைத் திறக்க ஒரு மணி நேரம் அனுமதி கிடைத்தது. கேரளம் முழுவதும் நாள்கணக்கில் பேசியது, யானை வருமா வராதா என்பதைத்தான். முதுமையை நோக்கி நகரும் அதன் கண்ணுக்கும் காலுக்கும் அடுத்த பத்தாண்டில் செய்ய வேண்டியது என்ன என்பது விவாதப் பொருளாகவே இல்லை.

உரிமையாளர்மீது பழியைப் போட்டுவிட்டு நகர்வது எளிது, அது நியாயமன்று. விழாவில் நிற்கும் யானைக்கு ஏக்கத் தொகை வருகிறது. நிற்காத யானைக்கு வருவதில்லை, ஆனால் தீவனமும் பாப்பான்களின் சம்பளமும் குறைவதில்லை. மருந்துச் செலவு கூடுகிறது. ஓய்வு என்று விதி சொல்லும் நாளிலிருந்து அந்த யானை குடும்பத்துக்குக் கடனாகிறது. இந்நிலையில் இலகுவான வேலைக்கான சான்று எவ்வளவு தேவைப்படும் என்பதை ஊகிக்கலாம். விழாவுக்குக் களிறே வேண்டும் என்பதால் பிடி யானைகளின் வழி வேறு. இடுக்கியில் தேக்கடி, மூணாறு வட்டாரத்துச் சவாரி மையங்களில் முதுகில் இருக்கை கட்டி, ஒரே தடத்தில் நாள் முழுதும் சுற்றுகின்றன. முதுகெலும்பின்மீது ஏறும் சுமையும் பாதப்புண்ணும் அங்கும் உண்டு. திருவிழாவின் வெளிச்சம் மட்டும் இல்லை. 2024 ஜூனில் அடிமாலியை அடுத்த கல்லாற்றுச் சவாரி மையத்தில் பாகன் ஒருவர் யானையிடம் உயிரிழந்தபோதுதான் இத்தகைய இடங்களின் அனுமதி பற்றிய கேள்வியே எழுந்தது.

எல்லைக்கு இப்பால் வேறொரு மாதிரி இருக்கிறது. பறம்பிக்குளம் பாலக்காட்டு மாவட்டத்தில் இருந்தாலும் வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியேதான் போக வேண்டும். அவ்வழியை ஒட்டிய கோழிகமுத்தி முகாமில் கலீம் என்ற கும்கி 2023 மார்ச்சில், 60 வயதில், வனத்துறையின் மரியாதையோடு ஓய்வு பெற்றது. ஓய்வு என்றால் அங்கு யானை ஓரிடத்தில் கட்டப்படுவதன்று. காட்டில் மேய்கிறது, நடக்கிறது, வேகவைத்த கேழ்வரகும் கொள்ளும் உருண்டையாக வாய்க்கு வருகிறது. செலவு அரசுடையது. பாகன்கள் அக்காட்டின் பழங்குடியினர். தந்தைக்குப் பின் மகன் என்று தொடர்வதால் யானையின் உடல்வரலாறு அவர்களின் நினைவில் நிற்கிறது. ஏட்டிலும் நின்றது. தமிழ்நாட்டு மரத்தொழில் முகாம்களின் நெடுங்காலப் பதிவேடுகளை வைத்துத்தான் சுகுமாரும் மருத்துவர் வி.கிருஷ்ணமூர்த்தியும் பிறரும் தென்னிந்திய வளர்ப்பு யானைகளின் பிறப்பு இறப்புக் கணக்கை 1997இல் வெளியிட்டனர். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ வழியே கிருஷ்ணமூர்த்தியை அறிந்த வாசகர் பலர், அவர் விட்டுச்சென்ற கணக்குகளை அறிந்தவர் சிலரே.

கோழிகமுத்தியை அப்படியே பாலக்காட்டுக்குப் பெயர்க்க முடியாது. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கேரளத்தில் இருந்த 521 வளர்ப்பு யானைகளுக்கும் காடு எங்கே? முதிய யானையைப் பழகிய பாப்பானிடமிருந்து பிரித்துத் தொலைவில் உள்ள மறுவாழ்வு மையத்தில் விடுவதும் சிகிச்சையாகாது. ஆனால் ஒவ்வோர் எழுந்தருளலின் ஏக்கத்திலிருந்தும் ஒரு பங்கை மாவட்ட அளவில் முதுமை நிதியாகச் சேர்க்கலாம். ஐந்து ஏடுகளையும் மைக்ரோசிப் எண்ணின்கீழ் ஒரே கோப்பாக்கி, மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். அறுபதைக் கடந்த யானைக்கு ஒருநாள் சான்றுக்குப் பதிலாக அக்கோப்பையே கேட்கலாம். 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் யானைகளுக்கிடையே மூன்று மீட்டர் இடைவெளி, நாளுக்கு எட்டு மணி நேர ஓய்வு என்றெல்லாம் நெறிகளை விதித்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்தது. மீட்டர் கணக்கில் வழக்காடுவோர் இருதரப்பிலும் நிறைய. பல் தேய்ந்த யானைக்காக வழக்காடுவோர் குறைவு.

கடைசிக் கேள்வி ஒன்று இருக்கிறது; அதை எவரும் விரும்பிக் கேட்பதில்லை. யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியது. விழுந்து கிடந்தால் அதன் சொந்த எடையே மூச்சை நெரிக்கும். கிரேன் கொண்டு தூக்கி நிறுத்துவது எத்தனை முறை, எது வரை? 2018இல் சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை இராஜேசுவரி வாரக்கணக்கில் விழுந்து கிடந்த பின், விலங்கு ஆர்வலர் ஒருவர் நீதிமன்றம் சென்ற பின், மருத்துவர் ஆய்ந்து உறுதிசெய்தால் கருணைக்கொலை செய்யலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அனுமதித்தது. ஆணை செயலாகும் முன்பே, அம்மாதம் 21ஆம் நாள், அது தானாகவே இறந்தது. அதற்கு வயது 42.