முதல் மாத்திரைக்கு முன்பே சொல்ல வேண்டியது

மாதவிடாய்த் தொல்லைக்கு ஹார்மோன் மருந்து எழுதி அனுப்பிய பெண்களில் பலர் நம்மிடம் திரும்பி வருவதில்லை. குணமாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். அவர்களில் சிலர் சில மாதங்கள் கழித்து, முன்னைவிட வெளுத்த முகத்தோடு இன்னொரு மருத்துவரின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்பு பார்த்த வைத்தியம் பற்றிக் கேட்டால், "அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல டாக்டர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எது ஒத்துக்கொள்ளவில்லை, எத்தனையாவது நாளில் நிறுத்தினார், நிறுத்தியதும் என்ன ஆயிற்று என்பதற்கு எந்தச் சீட்டிலும் குறிப்பு இருக்காது.

அந்த மருந்துகளில் பெரும்பாலானவை நல்ல மருந்துகள். அவற்றோடு வரும் தொல்லைகள் எப்போது தொடங்கும், எவ்வளவு நாள் நீடிக்கும், எது ஆபத்து என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் விடுவதே பெண்களைச் சிகிச்சையிலிருந்து விரட்டுகிறது. பக்கவிளைவைப் பற்றிப் பேசுவதும் மருந்தின் அளவைக் குறிப்பதைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதி என்பது இந்த இதழின் நிலைப்பாடு.

முதலில், எது கடுமை என்பதில் நமக்குள் தெளிவு வேண்டும். ஒரு சுழற்சியில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிக உதிரப்போக்கு என்பது பழைய ஆய்வக வரையறை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2007-இல் அதைக் கைவிட்டு, பெண்ணின் உடலையும் மனத்தையும் அன்றாட வாழ்வையும் பாதிக்கும் போக்கு எதுவோ அதுவே அதிகப்போக்கு என்றது. நம் ஓ.பி.யில் இதை அறிய நான்கு கேள்விகள் போதும். இரவில் எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? நாப்கினோடு துணியும் சேர்த்து வைக்கிறீர்களா? கட்டி கட்டியாகப் போகிறதா? அந்த நாட்களில் வேலைக்கோ பள்ளிக்கோ போக முடிகிறதா? "எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண், கேட்காமல் இவற்றில் ஒன்றையும் சொல்ல மாட்டார்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. மாதாமாதம் போகும் உதிரத்தைப் பற்றிக் கேட்காமல் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்தால் அந்தச் சோகை தீராது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே கிடக்கலாம். அசதிக்கும் மூச்சிரைப்புக்கும் முடி உதிர்வுக்கும் அதுவே காரணமாக இருந்து, பழி ஹார்மோன் மாத்திரையின் மேல் விழுவதும் உண்டு. சிகிச்சை தொடங்கும் முன்பே ஃபெரிட்டின் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

காரணம் தேடாமல் ஹார்மோன் தொடங்கக் கூடாது என்பது நாம் அறிந்ததுதான். ஆனாலும் நெரிசல் மிகுந்த காலை வேளையில் முதலில் விடுபடுவது அதுவே. கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, தேவைப்பட்டால் ஸ்கேன். பூப்பெய்திய நாள் முதலே அதிகமாகப் போகும் சிறுமிக்கு வான் வில்லிபிராண்ட் போன்ற ரத்தம் உறைதல் குறைபாடு. வலி நிவாரணிக்கு அடங்காத வலியென்றால் எண்டோமெட்ரியோசிஸ். 45 வயதைத் தாண்டியவருக்கும், அதற்கு முன்பே உடல் பருமனோ பி.சி.ஓ.எஸ். தொல்லையோ உள்ளவருக்கும் கருப்பை உட்படலத்தின் திசுப் பரிசோதனை. இவற்றைப் பார்த்த பிறகே சீட்டு எழுத வேண்டும்.

எழுதும்போது ஒவ்வொரு மருந்துக்கும் உரிய எச்சரிக்கை வேறு. லெவோநார்ஜெஸ்ட்ரல் கருப்பைச் சாதனம் உதிரப்போக்கைப் பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைக்க வல்லது. ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் விட்டுவிட்டுச் சொட்டுச் சொட்டாகப் படும். இதைச் சொல்லாமல் பொருத்தினால் இரண்டாம் மாதமே எடுக்கச் சொல்லி வருவார். சொல்லிப் பொருத்தினால் காத்திருப்பார். நார்எதிஸ்டிரோனை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் போக்கு வரும், சில சமயம் அதிகமாகவே வரும். தெரியாத பெண் நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மீதி மாத்திரையை மறுபடி விழுங்கத் தொடங்குகிறார். டையனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் எண்டோமெட்ரியோசிஸ் வலியை நன்றாக அடக்கும். கூடவே தலைவலி, மார்பக வலி, மனச்சோர்வு, ஒழுங்கில்லாத போக்கு ஆகியவை வரலாம். வளரும் வயதுப் பெண்ணுக்கு எலும்பு அடர்த்தியையும் கவனிக்க வேண்டும்.

2017 முதல் அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் கிடைக்கும் டெப்போ ஊசியில் மாதவிடாய் நின்றுபோவது சாதாரணம். "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமே" என்ற பயம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்தே வரும். உட்படலம் மெலிந்துபோனதால் வெளியேற ஒன்றுமில்லை, உள்ளே எதுவும் சேரவில்லை என்பதை அந்தப் பெண்ணுக்கும், அவர் ஒப்பினால் உடன் வந்த மாமியாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது. எடை கூடலாம்; கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்க ஒரு வருடம்வரை தாமதமாகலாம் என்பதும் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டிய செய்தி. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த ஆர்மிலாக்சிஃபீன் ஸ்டீராய்டு அல்லாத மருந்து. அதில் மாதவிடாய் தள்ளிப்போவது மருந்தின் இயல்பு என்று சொல்லிக் கொடுக்காவிட்டால், கர்ப்பமோ என்ற கவலையிலேயே சிகிச்சை நின்றுவிடும்.

இதையெல்லாம் சொல்ல நேரமில்லை என்பது நியாயமான முறையீடு. ஆனால் சொல்ல வேண்டியது சில வாக்கியங்களே. "இதப் போட்டா முதல் ரெண்டு மூணு மாசம் லேசாப் பட்டுக்கிட்டே இருக்கும். அது பயப்பட வேண்டியதில்ல. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைஞ்சா உடனே வாங்க. எது பிடிக்கலைன்னாலும் நீங்களா நிறுத்தாதீங்க, எங்கிட்ட வந்து சொல்லுங்க, வேற மாத்திக்கலாம்." மாற்று வழி உண்டு என்று முதல் நாளே தெரிந்த பெண், ஒத்துக்கொள்ளாதபோது வெட்கப்படாமல் திரும்பி வருவார்.

ஆபத்து அறிகுறிகளை நோயாளியின் பேச்சுமொழியிலேயே சொல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், இதுவரை இல்லாத கடுந்தலைவலி வந்தால், பார்வை மங்கினால், வலிப்பு வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஐரோப்பிய மருந்து முகமையின் 2013-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், ஹார்மோன் எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு இருவருக்குச் சிரையில் ரத்தம் உறைகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் கலந்த கூட்டு மாத்திரையில் இது 5 முதல் 7. டிராஸ்பைரினோன் கலந்ததில் 9 முதல் 12. தனிப்பட்ட ஆபத்து சிறியதுதான். ஒளிவட்டம் தெரியும் ஒற்றைத் தலைவலி, முன்பு ரத்தம் உறைந்த வரலாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம் ஆகியவற்றை விசாரிக்காமல் எழுதினால் அது சிறியதாக இருக்காது. கூட்டு மாத்திரையோடு டிரானெக்சாமிக் அமிலத்தையும் சேர்த்து எழுதும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடும் பெண்ணிடம் அந்த மாத்திரையின் கருத்தடைப் பயன் குறையும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நார்எதிஸ்டிரோன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயில் திருவிழா, கல்யாணம், சபரிமலைக்கு மாலை போட்ட வீடு என்று நாள் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி வாங்கும் மாத்திரை இது. இதில் ஒரு பகுதி உடலில் எத்தினைல் ஈஸ்ட்ரடயாலாக மாறுகிறது. நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் சாப்பிடுவது, 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரஜன் உள்ள கூட்டு மாத்திரை சாப்பிடுவதற்கு ஒப்பாகும். புரோஜெஸ்டோஜன்தானே என்ற நம்பிக்கையில், கூட்டு மாத்திரை கூடாத பெண்ணுக்கு இதைக் கொடுத்துவிடக் கூடாது. நம்மிடம் வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் "நாள் தள்ளிப்போட மாத்திரை போட்டீங்களா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்ற பொதுக்கேள்விக்கு இந்தப் பதில் வராது.

வேலைத்தலங்களிலும் இதே நிலை. தமிழ்நாட்டின் ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தி வெளிக்கொண்டு வந்தது. தான் விழுங்குவது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை, தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் உண்டு.

மனநிலை மாற்றங்களை நாம் அடிக்கடி கடந்துபோய்விடுகிறோம். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் தாங்க முடியாத எரிச்சலும் அழுகையும் தற்கொலை எண்ணமும் வந்து, போக்கு தொடங்கியதும் விலகுமானால் அது பி.எம்.டி.டி. ஆக இருக்கலாம். 2013-இல் டி.எஸ்.எம்-5 நூல் இதை மனச்சோர்வு நோய்களின் வரிசையில் சேர்த்தது. இரண்டு சுழற்சிகளுக்கு அன்றாடம் குறித்துவைத்த பிறகே இதை உறுதிசெய்ய முடியும். எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்தைச் சுழற்சியின் பிற்பாதியில் மட்டும் கொடுத்தாலே பலருக்குக் குணம் தெரியும். மறுபுறம், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்த 2016-ஆம் ஆண்டு டென்மார்க் ஆய்வு, ஹார்மோன் கருத்தடை எடுத்தவர்களிடம், குறிப்பாகப் பதின்வயதினரிடம், மனச்சோர்வு கூடுதலாக இருந்ததைக் கண்டது. அது தொடர்பைக் காட்டியதே தவிர காரணத்தை நிறுவவில்லை. ஆனால் "மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து மனசே சரியில்ல" என்று ஒரு பெண் சொன்னால் அதை நம்பி, எழுதி வைத்து, மருந்தை மாற்றிப் பார்க்க அது போதுமான காரணம்.

இப்படிப் பொறுமையாக மாற்றிப் பார்க்காத இடத்தில் கர்ப்பப்பையை எடுப்பது எளிய வழியாகிவிடுகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்கு நடந்த கருப்பை அகற்றங்கள் 2019-இல் நாடு முழுவதும் பேசப்பட்டன. தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்க ஒன்றிய அரசு வகுத்த 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் ஏற்றுச் செயல்படுத்தும்படி மாநிலங்களுக்கு 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அந்த அறுவை வேண்டிய பெண்களும் இருக்கிறார்கள். மற்ற வழிகளை உரிய காலம் பார்த்துவிட்டோமா என்பதற்குச் சீட்டில் சான்று இருக்க வேண்டும்.

வாசக மருத்துவர்களிடம் இந்த இதழ் கேட்பது மூன்று. ஹார்மோன் தொடங்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் காலண்டரிலோ செல்போனிலோ போக்கு, வலி, மனநிலை மூன்றையும் குறிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் மாதத்தில் மறுவருகைக்குத் தேதி குறித்துக் கொடுங்கள். வராவிட்டால் செவிலியரோ கிராமச் சுகாதாரச் செவிலியரோ ஒரு அழைப்பு விடுக்கட்டும். ஒரு மருந்தை நிறுத்தும்போது எந்தத் தொல்லையால், எத்தனையாவது வாரத்தில் நிறுத்தினார் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்து அவர் யாரிடம் போனாலும் அந்த மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. அந்தப் பெண்ணும் இன்னொரு வருடத்தை ரத்தசோகையோடும் வலியோடும் கழிக்க வேண்டியிருக்காது.