எங்கள் மழைக்கும் ஒரு பாட்டு

கோடை விடுமுறைக்கு முன் எங்கள் பாடகர் குழு பருவங்களைப் பற்றிய இசை விழா ஒன்றை நடத்தியது. உறைபனியையும் உதிரும் இலைகளையும் பற்றிய ஆங்கிலப் பாடல்களை இனிமையாகவே பாடினோம். அவையோர் கைதட்டி மகிழ்ந்தனர். ஆனால் விழா முடிந்ததும் ஒரு தோழியின் பாட்டி, "நம்ம மழையப் பத்தி ஒரு பாட்டும் இல்லியா மக்களே?" என்று கேட்டார். எங்களால் பதில் கூற இயலவில்லை. எங்களில் ஒருவரும் உறைபனியைக் கண்டதில்லையே!

வெனிஸ் நகரின் அனாதை இல்லத்தில் சிறுமியருக்கு வயலின் கற்பித்தவர் விவால்டி. 1725-இல் வெளியான அவரது 'நான்கு பருவங்கள்' இசையில் இடியும் அறுவடையும் குளிரும் ஒலிக்கின்றன. அவை அவர் தம் நாட்டில் கண்டவை.

நம் முன்னோரோ கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவங்களைக் கண்டனர். இரு பருவமழைகளையும் பெறும் நம் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் நெல் விளைகிறது. எளிய தமிழில் குழந்தைகளுக்குப் பாடல்கள் தந்த கவிமணி பிறந்ததும் நம் தேரூரில்தான். பாடப் பொருளுக்கா பஞ்சம்?

மேலைநாட்டுப் பாடல்கள் வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை. அவற்றோடு எங்கள் மழைக்கும் ஓர் இடம் தாருங்கள் என்றே கேட்கிறோம். கண்டதைப் பாடும்போது குரலோடு உள்ளமும் சேர்ந்து பாடும் அல்லவா? அடுத்த ஆண்டு அந்தப் பாட்டியை முன்வரிசையில் அமர்த்தி, அவர் கேட்ட பாட்டைப் பாடுவோம்!