நாடக விழாவைத் தேடிச் செல்வது வீணா?

லண்டன், நியூயார்க் போன்ற மாநகரங்களில் ஆண்டு முழுவதும் தரமான நாடகங்கள் அரங்கேறுகின்றன. அவற்றைப் பார்த்துப் பழகிய ரசிகர்கள் பலர், சிறுநகரங்களில் நடைபெறும் நாடக விழாக்களுக்குச் செல்லத் தயங்குகின்றனர். 'அங்கே புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது?' என்பது அவர்களின் கேள்வி. உண்மையில், தேர்ந்த ரசிகர்களுக்கே இவ்விழாக்கள் அதிகப் பயன் தரும். கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு நாடக விழா இதற்குத் தக்க சான்றாகும்.

டொரொண்டோவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ட்ராட்ஃபோர்டு உள்ளது. இரயில் என்ஜின்களைப் பழுதுபார்க்கும் தொழிலை நம்பியிருந்த அந்நகரம் நலிவடையும் நிலையில் இருந்தது. அதற்குப் புத்துயிர் அளிக்க, டாம் பேட்டர்சன் என்ற பத்திரிகையாளர் நாடக விழாவொன்றைத் தொடங்க முயன்றார். 1953ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், பெரிய கூடாரம் ஒன்றில் முதல் நாடகம் அரங்கேறியது. புகழ்பெற்ற நடிகர் அலெக் கின்னஸ் அதில் மூன்றாம் ரிச்சர்டாக நடித்தார்.

இவ்விழாவின் தனிச்சிறப்பு, நாடகங்கள் சுழற்சி முறையில் நடைபெறுவதாகும். மாநகர அரங்கில் வெற்றிபெற்ற ஒரே நாடகம் மாதக்கணக்கில் ஓடும். நடிகரும் ஒரே வேடத்தையே ஏற்பார். இங்கோ, ஒரே குழுவினர் வெவ்வேறு நாடகங்களில் மாறி மாறி நடிக்கின்றனர். இன்று மன்னராக முழங்கியவர், நாளை நகைச்சுவை நாடகத்தில் வேலைக்காரராகத் தோன்றக்கூடும். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பர். ஆயினும், நடிகரின் திறனை அளக்க ஒரு வேடம் போதாது. புதிய ரசிகர் கதையில் மூழ்கிவிடுவார். தேர்ந்த ரசிகரோ ஒரே நடிகரின் குரலும் நடையும் வேடத்துக்கு வேடம் எவ்வாறு மாறுகின்றன என்பதை ஒப்பிட்டு மகிழ்வார்.

அரங்க அமைப்பும் குறிப்பிடத்தக்கது. 1957இல் கூடாரத்திற்குப் பதிலாக நிலையான அரங்கம் எழுப்பப்பட்டது. அதன் மேடையைப் பார்வையாளர்கள் மூன்று பக்கங்களிலும் சூழ்ந்து அமர்கின்றனர். 1,800க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தும், எந்த இருக்கையும் மேடையிலிருந்து 20 மீட்டருக்கு அப்பால் இல்லை. ஆகவே, நடிகரின் முகக்குறிப்பும் பார்வையாளரின் கண்ணுக்குத் தப்பாது.

பயணத்திற்கும் தங்குவதற்கும் செலவாகும் என்பதை மறுப்பதற்கில்லை. எல்லா நாடகங்களும் ஒரே தரத்தில் அமையும் என்றும் கூறிவிட முடியாது. ஒரே ஒரு நாடகத்தை மட்டும் பார்த்துத் திரும்புவோருக்கு இப்பயணம் ஏமாற்றமளிக்கலாம். எனவே, இரண்டு மூன்று நாள்கள் தங்கி, ஒரே நடிகர்கள் பங்குபெறும் நாடகங்களைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

மாநகர அரங்கம் ஒரு நாடகத்தின் முழுமையைக் காட்டுகிறது. சுழற்சி முறை விழாவோ ஒரு நடிகரின் முழுமையைக் காட்டுகிறது. நாடகக் கலையை ஆழ்ந்து நேசிப்போர் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் வேண்டும்.