தாய்ப்பால் தாய்க்கும் மருந்து: அவகாசம் தருவது யார்?

2025-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு வார இடைவெளியில் இரண்டு அறிவிப்புகள் வெளியாயின. நவம்பர் 14-ம் தேதி, உலக நீரிழிவு தினத்தன்று, கர்ப்ப காலத்தில் சர்க்கரை வியாதி காணும் பெண்களை எப்படிக் கவனிக்க வேண்டும் என்பது குறித்து உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டுக் குறிப்புகளை வெளியிட்டது. நவம்பர் 21-ம் தேதி மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. பிரசவ விடுப்பு, பாலூட்டும் அவகாசம், குழந்தைகள் காப்பகம் ஆகியவை பற்றிய விதிகள் அவற்றில் ஒன்றில் அடங்கியுள்ளன.

முதல் செய்தி டாக்டர்களுக்கு உரியது என்றும், இரண்டாவது தொழிற்சங்கங்களுக்கு உரியது என்றும் பலர் நினைக்கலாம். உண்மையில் இரண்டும் ஒரே விஷயத்தின் இரு பக்கங்கள். அவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டிய அவசியம், பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்து குடும்பம் நடத்தும் நம்மவர்களுக்கே அதிகம்.

பிரசவத்தோடு போவதில்லை

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் சில பொருள்கள், தாயின் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்ட வேண்டும். அப்படி ஈடுகட்ட முடியாத பெண்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதுவே கர்ப்ப கால நீரிழிவு. உலகில் ஏறத்தாழ ஆறு கர்ப்பங்களில் ஒன்றில் நீரிழிவு காணப்படுகிறது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு.

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. சென்னை டாக்டர் வீ. சேஷய்யாவும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் நடத்திய பரிசோதனைகளில், நகரத்துக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சிற்றூர்ப் பகுதிகளில் 13.8 பேருக்கும், கிராமங்களில் 9.9 பேருக்கும் இந்தக் கோளாறு இருப்பது தெரிந்தது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007-ல் தமிழக அரசு ஏற்பாடு செய்ததற்கு இத்தகைய ஆராய்ச்சிகளே அடிப்படை.

பிரசவம் ஆனதும் நஞ்சுக்கொடி வெளியேறிவிடுகிறது. சர்க்கரையும் பெரும்பாலோருக்கு இறங்கிவிடுகிறது. "பிள்ளை பிறந்தது, சர்க்கரை போயிற்று" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். அங்கேதான் ஏமாற்றம். கர்ப்பம் என்பது கணையத்துக்கு வைக்கப்பட்ட ஒரு பரீட்சை. அதில் தவறிய கணையம் பின்னாளிலும் தவறக்கூடும். 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 20 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2020-ல் வெளியிட்ட முடிவின்படி, கர்ப்ப கால நீரிழிவு கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் அபாயம், மற்றப் பெண்களைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு.

பத்து ஆண்டு வித்தியாசம்

இந்த அபாயத்தைக் குறைக்கும் வழிகளில் ஒன்று தாயின் மார்பிலேயே இருக்கிறது. தாய்ப்பால் குழந்தைக்கு நல்லது என்பதை அறியாதவர் இல்லை. தாய்க்கும் அது மருந்து என்பது அவ்வளவாகப் பரவவில்லை.

ஜெர்மனியில் 1989 முதல் 1999 வரை கர்ப்ப கால நீரிழிவு கண்ட 304 பெண்களை 19 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். 2012-ல் முடிவு வெளியாயிற்று. பால் கொடுக்காத தாய்மாரில் பாதிப் பேருக்கு 2.3 ஆண்டுகளுக்குள்ளேயே நீரிழிவு வந்துவிட்டது. பால் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு வருவதற்கு 12.3 ஆண்டுகள் ஆயின. மூன்று மாதத்துக்கு மேல் கொடுத்தவர்களுக்கே அபாயம் மிகக் குறைவு.

பத்து ஆண்டு என்பது சாதாரணமா? 28 வயதில் பிரசவித்த ஒருத்தி 30 வயதில் மாத்திரை தொடங்குவதற்கும், 40 வயதில் தொடங்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! கண், சிறுநீரகம், கால் நரம்பு எல்லாம் அந்தப் பத்து ஆண்டுகள் சேதமின்றித் தப்புகின்றன. மாதச் சம்பளத்தில் மருந்துக் கடைக்குப் போகும் பணமும் மிஞ்சுகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2015-ல் வெளிவந்தது. அதில் ஆசிய வம்சாவளிப் பெண்களும் கணிசமாக இருந்தனர். 959 தாய்மாரை இரண்டு ஆண்டுகள் கவனித்ததில் 113 பேருக்கு நீரிழிவு வந்தது. இரண்டு மாதம்கூடப் பால் கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், இரண்டு முதல் ஐந்து மாதம் கொடுத்தவர்களுக்கு அபாயம் 45 சதவிகிதம் குறைவு. பத்து மாதத்துக்கு மேல் கொடுத்தவர்களுக்கு 57 சதவிகிதம் குறைவு. நாள் கூடக் கூடப் பலனும் கூடுகிறது.

இதற்குக் காரணம் என்ன? பால் சுரக்க ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி செலவாகிறது. பாலில் உள்ள இனிப்பு, தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரையிலிருந்தே உருவாகிறது. அதை எடுத்துக்கொள்ள மார்புக்கு இன்சுலின் தயவு அதிகம் தேவையில்லை. ஆகவே களைத்துப்போன கணையத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஹார்மோன், இன்சுலின் சுரக்கும் செல்களுக்கு வலுவூட்டுகிறது என்று தென் கொரிய விஞ்ஞானிகள் 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டுகிறது.

ஓர் ஆட்சேபம் எழலாம். உடல் பருமன் உள்ளவர்களுக்கும், சர்க்கரை மிகுதியாக இருந்தவர்களுக்கும் பால் சுரப்பதே கஷ்டம். ஆகவே நோய் வரப்போகிறவர்களே பால் கொடுக்காதவர்களாக அமைந்திருக்கலாம் அல்லவா? நியாயமான கேள்விதான். பால் கொடு, கொடுக்காதே என்று தாய்மாரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதிக்க முடியாது. ஆனால் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் உடல் எடையையும், கர்ப்ப காலத்துச் சர்க்கரை அளவையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை. செலவில்லாத, தீங்கில்லாத ஒரு மருந்துக்கு இந்தச் சான்று போதும்.

இரு மாநிலங்களுக்கு இடையே

நம்மவர் குடும்பங்களில் பிரசவம் எப்படி நடக்கிறது? தாராவியிலோ, மாட்டுங்காவிலோ, பெங்களூர்ப் புறநகரிலோ வசிக்கும் பெண்ணுக்கு ஆறாம் மாதத்தில் இங்குள்ள ஆஸ்பத்திரியில் சர்க்கரை கண்டுபிடிக்கிறார்கள். வளைகாப்பு முடிந்ததும் ஊருக்குப் போகிறாள். திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ பிரசவம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையுடன் திரும்பி வருகிறாள்.

பிரசவமான ஆறாவது வாரத்தில், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் செய்து மறுபடியும் பரிசோதிக்க வேண்டும் என்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் விதி. யார் செய்வது? இங்குள்ள டாக்டருக்குப் பெண் ஊரில் இருக்கிறாள். ஊரில் உள்ள நர்சுக்கு அவள் வெளியூர்க்காரி. இரண்டு வாரத்தில் ரயில் ஏறப்போகிறவள். கர்ப்ப காலத்துச் சீட்டு ஒரு பெட்டியில், பிரசவச் சீட்டு வேறொரு பையில். பரிசோதனை நடப்பதில்லை. அடுத்த கர்ப்பத்திலோ, காலில் ஆறாத புண் வந்தபோதோதான் விஷயம் தெரிகிறது.

தாய்ப்பாலும் இதேபோல் இடையில் விட்டுப்போகிறது. கர்ப்ப கால நீரிழிவு கண்ட பெண்களுக்குப் பால் நன்றாக இறங்க ஓரிரு நாள் கூடுதலாக ஆவது உண்டு. அந்த இரண்டு நாளில் "பால் ஊறவில்லை" என்று பதறிப் பால்பவுடர் டப்பாவை வாங்கிவிடுகிறார்கள். குழந்தை புட்டிக்குப் பழகிவிட்டால் மார்பில் சப்புவது குறைகிறது. சப்பாத மார்பில் பால் சுரப்பதும் குறைகிறது. பிறந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட்டு, அடிக்கடி சப்பவிடுவதே பால் பெருக வழி. சர்க்கரை கண்ட தாயின் குழந்தைக்குப் பிறந்தவுடன் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கவும் உடனே பாலூட்டுவது அவசியம்.

சில வீடுகளில் வேறொரு பயம்: தாயின் சர்க்கரை பால் வழியே பிள்ளைக்கு ஏறிவிடுமோ என்று. இது தவறு. நீரிழிவு பாலின் வழியே தொற்றும் வியாதி அல்ல. இன்சுலின் போட்டுக்கொள்ளும் தாயும் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.

சட்டம் தரும் காலம்

மருத்துவர்கள் சொல்லும் மாதக் கணக்கைச் சட்டம் தரும் விடுப்போடு வைத்துப் பார்ப்போம். 2017-ல் செய்த திருத்தம் பிரசவ விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை அப்படியே வைத்துக்கொண்டது. பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ளவர்களுக்கு 12 வாரம்தான்.

ஊருக்குப் பயணம் செய்ய வேண்டிய பெண், பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் எடுத்துக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 18 வாரம், அதாவது நான்கு மாதத்துக்குச் சற்று மேல். ஜெர்மன் ஆராய்ச்சி சொன்ன மூன்று மாதம் இதில் அடங்கிவிடுகிறது. கலிபோர்னியா சொன்ன பத்து மாதம் அடங்கவில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்ற விதிகூட இதில் நிறைவேறாது. வேலைக்குத் திரும்பிய பிறகும் பால் கொடுத்தால்தான் முழுப் பலன்.

அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினம் இரண்டு முறை பாலூட்ட அவகாசம் தர வேண்டும். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்துக்குக் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் தினம் நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும். இதைக் கேட்டுப் பெற்றவர்கள் எத்தனை பேர்? குழந்தை ஒரு மணி நேர மின்சார ரயில் பயணத்துக்கு அப்பால் இருக்கும்போது, காகிதத்தில் உள்ள அவகாசத்தால் பயன் இல்லை. காப்பகம் அருகில் இருந்தால்தான் அவகாசத்துக்கு அர்த்தம் உண்டு.

சட்டம் எட்டாத இடம்

கடைகளையும் நிறுவனங்களையும் பொறுத்தவரை, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே பிரசவ விடுப்பு விதி. வீட்டு வேலை செய்யும் பெண், இட்லி சுட்டு விற்பவள், வீட்டில் இருந்தபடி துணி தைத்துக் கொடுப்பவள் ஆகியோருக்கு விடுப்பு கொடுக்க முதலாளி என்று எவரும் இல்லை. மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்குக் கிடைப்பது 5,000 ரூபாய். வேலையை விட்டு மூன்று மாதம் குழந்தையோடு இருக்க அது எந்த மூலைக்குப் போதும்? அபாயம் எல்லாப் பெண்களுக்கும் பொது. மருந்து மட்டும் சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கு எளிதாகக் கிடைக்கிறது.

நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. தாராவிக்குப் பக்கத்திலேயே உள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனையில் 1989-ல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதலாவது. தமிழக அரசு 2015-ல் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தாய்க்கு ஓர் அறை ஒதுக்க முடியுமானால், எட்டு மணி நேரம் உழைக்கும் தாய்க்கு ஒதுக்க முடியாதா? சிறு கடைகளும் பட்டறைகளும் நெருங்கியிருக்கும் பகுதிகளில், தனித்தனி முதலாளிகளை எதிர்பார்க்காமல் மாநகராட்சியே பொதுக் காப்பகங்களை நடத்தலாம். தமிழ்ச் சங்கங்களும் இதைக் கோரிக்கையாக வைக்கலாம்.

குடும்பத்தின் பொறுப்பு

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தது என்ற சீட்டைக் கணவன் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். ஊருக்கு அனுப்பும்போது கையோடு கொடுத்தனுப்பட்டும். ஆறாவது வாரப் பரிசோதனையை ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் முடித்துக்கொண்டு ரயில் ஏறுவது நல்லது. அது தவறிப்போனால் இங்கே வந்த முதல் வாரத்தில் செய்துகொள்ளலாம். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, குழந்தையின் பிறந்த நாளை ஒட்டிச் செய்தால் மறக்காது. பிரசவ லேகியத்தில் உள்ள கருப்பட்டிக்கும் வெல்லத்துக்கும் ஓர் அளவு வேண்டும்.

பால் கொடுக்க முடியாமல் போன தாயை யாரும் குறை சொல்லலாகாது. அவளுக்கும் தினசரி நடை, எடைக் கட்டுப்பாடு, வருடாந்தரப் பரிசோதனை ஆகிய பாதுகாப்புகள் உண்டு. பால் கொடுத்தவளும் இவற்றை விட்டுவிடக் கூடாது. தாய்ப்பால் அபாயத்தைக் குறைக்கிறதே தவிர, அடியோடு அகற்றிவிடுவதில்லை.

இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த கணக்கெடுப்பு 2023-ல் தெரிவித்தது. இத்தனை பேருக்கு மருந்தும் ஆஸ்பத்திரியும் தேடி அலையும் நாடு, வருவதற்கு முன்பே தடுக்கும் வாய்ப்பு பிரசவ அறையிலேயே இருப்பதைப் பார்க்க வேண்டும். அந்த மருந்துக்கு விலை இல்லை. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். உழைக்கும் பெண்ணுக்கு அந்த நேரத்தைச் சலுகையாக அல்ல, உரிமையாகத் தருவதற்குச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதைத் தொழிற்சாலை வாசல் வரை கொண்டுவருவதும், வாசலே இல்லாத வேலைகளில் உள்ள பெண்களுக்கு எட்டச் செய்வதும்தான் இனி நடக்க வேண்டிய காரியம்.