உதிரிச் சாமான் கிடைக்குமா?

ஆசை வருவதற்கு இரண்டு வயது உண்டு. பதினெட்டு வயதில் வருவது ஒரு ரகம். வீட்டுக் கடன் அடைந்து, குழந்தைகள் தலையெடுத்து, கையில் நாலு காசு நிற்கத் தொடங்கும்போது வருவது இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தில் பொல்லாதது பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் மோகம்.

அமெரிக்காவில் குடியிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளையும் மாப்பிள்ளைகளையும் கூட இது விட்டுவைப்பதில்லை. அங்கே இது எட்டாத ஆசையும் அல்ல. இரண்டே ஆசனம், மடக்கி வைக்கும் கூரை, பளபளவென்று சிவப்புப் பெயின்ட். முப்பது நாற்பது வருஷத்து வண்டிகளில் சில, புதுக் காரைவிடச் சல்லிசாகவே கிடைக்கின்றன. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டெலிபோன் திரையை உங்கள் பக்கம் திருப்பி, "இதைப் பாரேன், என்ன அழகு!" என்பார்கள். நீங்களும் வீட்டுக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, "அடிக்கடி ரிப்பேர் ஆகாதே?" என்று கேட்பீர்கள்.

நல்ல கேள்விதான். ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "உதிரிச் சாமான் கிடைக்குமா?" என்பதே. நாற்பது வயதான வண்டி ரிப்பேர் ஆகத்தான் செய்யும். அந்த ரிப்பேர் வருகிற சனிக்கிழமைக்குள் முடியுமா, அடுத்த தீபாவளி வரை இழுக்குமா என்பதில்தான் குடும்பத்தின் பணமும் நிம்மதியும் இருக்கின்றன.

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் பிறந்த எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 முதல் 1980 வரை, மூடிய கூரையுள்ள ரகத்தையும் சேர்த்து, 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பெரும்பாலானவை கப்பலேறி அமெரிக்கா போயின. சமர்த்து வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எண்ணெய் ஒழுகும், கார்புரேட்டர் கோபித்துக்கொள்ளும், மழை நாளில் மின்சார இணைப்புகள் மக்கர் செய்யும். அதன் விளக்குச் சாமான்களைச் செய்த லூக்காஸ் கம்பெனிக்கு 'இருளின் இளவரசர்' என்றே அமெரிக்கர்கள் கேலிப்பெயர் வைத்தார்கள்.

ஆனாலும் அனுபவசாலிகள் முதன்முதலாக வாங்குகிறவருக்கு இந்த வண்டியைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். காரணம், இதற்குக் கிடைக்காத சாமான் மிகக் குறைவு. கலிபோர்னியாவில் 1948-ல் தொடங்கிய மாஸ் மோட்டார்ஸ் என்ற ஸ்தாபனம் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான சாமான்களை விற்றே பெயர் பெற்றது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற கம்பெனி, பழைய தொழிற்சாலை அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988 முதல் எம்.ஜி.பி.க்குப் புத்தம்புது உடற்கூட்டையே செய்து கொடுக்கத் தொடங்கியது. உடம்பே புதிதாகக் கிடைக்கும் என்றால் பாக்கி என்ன இருக்கிறது?

இந்த வண்டிக்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. நம் அம்பாஸிடரில் வெகு காலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் 'பி ஸீரீஸ்' என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இன்னொரு ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரின் அடிச்சட்டமோ, டிரையம்ப் ஹெரால்டு என்ற சாதுவான குடும்பக் காரிலிருந்து வந்தது. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று செய்து விற்றார்கள். பகட்டான ஸ்போர்ட்ஸ் கார்களில் பலவற்றுக்குப் பிறந்த வீடு இப்படி ஒரு சாதாரணக் குடும்பக் கார்தான். பிறந்த வீடு பெரிதாக இருந்தால் ஆபத்துக்கு உதவ ஆள் இருக்கும். ஆகவே வண்டியின் அழகைப் பார்ப்பதோடு அதன் குலம் கோத்திரத்தையும் விசாரியுங்கள்.

குலம் இல்லாமல் தனித்துப் பிறந்த வண்டிக்கு ஓர் உதாரணம், ஜப்பானின் சுபாரு எஸ்.வி.எக்ஸ். 1991 முதல் 1996 வரை சுமார் 25,000 வண்டிகளே செய்தார்கள். உருவம் கொடுத்தவர் இத்தாலியின் பிரசித்தி பெற்ற ஜியுஜாரோ. ஆறு சிலிண்டர் எஞ்சின். அதைப் பற்றி நல்ல வார்த்தைதான் கேட்கலாம். கதவில் பெரிய கண்ணாடிக்குள் சிறிய கண்ணாடி, ஜன்னலுக்குள் ஜன்னல் போல! பார்க்கிறவர்கள் சொக்கிப் போவார்கள். ஆனால் அந்தக் கண்ணாடி உலகத்தில் வேறு எந்த வண்டிக்கும் பொருந்தாது. ஒரு கல் பட்டு உடைந்தால், எங்கேயாவது உடைத்துப் பிரிக்கப்படும் இன்னொரு எஸ்.வி.எக்ஸைத் தேடி அலைய வேண்டியதுதான். எஞ்சின் இரும்பாக இருந்து என்ன பிரயோசனம்? ஜன்னலில் பாலிதீன் ஒட்டிக்கொண்டு நிற்கிற வண்டியில் யார் போவார்கள்?

அமெரிக்காவில் இன்னொரு விசேஷமும் உண்டு. அங்கே ஒருபோதும் விற்கப்படாத வெளிநாட்டுக் கார், 25 வயது நிரம்பினால் பத்திர விதிகளிலிருந்து விலக்குப் பெற்று உள்ளே வரலாம். நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரின் 'ஆர்32' ரகம் 1989-ல் ஜப்பானில் வெளிவந்தது. 2014-ல் அமெரிக்கக் கதவு அதற்குத் திறந்தது. வாலிபர்கள் விழுந்தடித்துக்கொண்டு வாங்கினார்கள். ஆனால் விலக்குப் பெற்றது வண்டிதானே தவிர, அதன் சாமான்கள் அக்கம்பக்கத்துக் கடைக்கு வந்துவிடவில்லை. அந்த எஞ்சினை எந்த அமெரிக்க நிஸ்ஸான் காரிலும் வைத்து விற்றதில்லை. பல சாமான்களுக்கு ஜப்பானுக்கே ஆர்டர் அனுப்ப வேண்டும். நல்ல வேளையாக, 2017-ல் நிஸ்ஸானின் நிஸ்மோ பிரிவு இந்த ரகத்துக்கு நின்றுபோன சாமான்களில் சிலவற்றை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'சில' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்களுக்கு வேண்டியது அந்தச் சிலவற்றில் உண்டா என்பதே விஷயம்.

அப்படியானால், சமர்த்தும் வேண்டும், சாமானும் கிடைக்க வேண்டும் என்றால்? அதற்கும் வழி உண்டு. மாஸ்டா எம்.எக்ஸ்.5 என்ற சின்ன வண்டி 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 2016-ல் 10 லட்சமாவது வண்டி வெளிவந்தது. முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துத் தர மாஸ்டா கம்பெனியே 2017-ல் ஜப்பானில் ஏற்பாடு செய்து, கூரைத் துணி முதலியவற்றை மறுபடி தயாரித்தது. இதில் டைமிங் பெல்ட் அறுந்தால் வண்டி நடுவழியில் நிற்கும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். ஆனால் 1991 நடுப்பகுதி வரை வந்த ஆரம்ப கால எஞ்சின்களில், கிராங்க் தண்டின் முன்முனை சிறுத்து, அங்கே தேய்மானம் கண்டு ஆட்டம் கொடுப்பதுண்டு. வாங்குமுன் அதை மட்டும் மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும்.

ஜெர்மனியின் போர்ஷே 944 இதற்கு நேர்மாறு. சாமான் கிடைக்கும்; ஆனால் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு எஞ்சின் பாழாகிவிடும். ஒரு ரப்பர் பட்டையை மாற்றாத குற்றத்துக்கு எஞ்சின் விலையையே அபராதமாகக் கட்ட வேண்டும்! பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். "மாற்றியாயிற்று, ரசீதுதான் இல்லை" என்றால், மாற்றவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். புது பெல்ட்டுக்கான செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இனி வீட்டுக் கணக்கு. வண்டியை ஓட்டப்போவது நீங்களானாலும், உங்கள் வீட்டுக்காரரானாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். பத்துச் சாமான்களின் பெயரை எழுதுங்கள்: முன் கண்ணாடி, கதவுக் கண்ணாடி, கதவைச் சுற்றியுள்ள ரப்பர், முன் விளக்கு, பம்பர், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பதில் வேண்டும்: கிடைக்குமா, என்ன விலை, எத்தனை நாளில் வரும்? எஞ்சின் சாமான்களுக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். கண்ணாடி, ரப்பர், உள் அலங்காரப் பிளாஸ்டிக், மின்னணுப் பெட்டி ஆகியவற்றில்தான் பேனா தயங்கி நிற்கும். மூன்று நான்கு இடம் காலியாக நின்றால், வண்டி எவ்வளவு மலிவானாலும் மலிவு அல்ல.

கிடைப்பது வேறு, நல்லதாகக் கிடைப்பது வேறு. பழைய சாமானைப் போலவே இப்போது செய்து விற்கப்படுகிறவற்றில் ரப்பரும் மின்சாரச் சாமான்களும் சில சமயம் ஆறு மாதத்திலேயே பல்லை இளிக்கும். எந்தக் கடைச் சரக்கு உழைக்கும் என்பது அந்த வண்டியின் சங்கத்தாருக்குத் தெரியும். எம்.ஜி. கார்களுக்கு 1930 முதல் சங்கம் இருக்கிறது. வண்டி வாங்குமுன்பே இத்தகைய சங்கத்தில் சேர்ந்துவிடுவது உத்தமம்.

அடுத்தது துரு. எம்.ஜி.பி.யில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'ஸில்' என்ற பகுதி வெறும் அலங்காரத் தகடு அல்ல. வண்டியின் பலமே அதில்தான் இருக்கிறது. மேலே பெயின்ட் கண்ணைப் பறிக்கும். உள்ளே துரு தின்று தீர்த்திருக்கும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அங்கே வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எஞ்சின் வேலையைவிட டிங்கரிங் வேலைதான் பணத்தைக் கரைக்கும். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், டயர் மூன்றையும் வயதுக் கணக்கில் பாருங்கள். இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய காலத்து ரப்பர் குழாய்க்கு அது ஆகாது. கசிந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. இதில் சிக்கனம் கூடவே கூடாது.

கடைசியாக ஒன்று. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். முதல் வருஷ ரிப்பேருக்கென்று தனியாக ஒரு தொகையை எடுத்து வைத்த பிறகு மிச்சம் நிற்பதே உங்கள் உண்மையான பட்ஜெட். வீட்டுக்கு இதுவே ஒரே கார் என்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைக்கு ஜுரம் என்றால் டாக்டரிடம் போக, சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டி ஒன்று வாசலில் நிற்கட்டும்.

இத்தனையும் சொன்னது ஆசைக்குக் குறுக்கே நிற்பதற்காக அல்ல. மாலை வேளையில், கூரையை மடக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்கச் சின்ன வண்டியில் போகிற சுகத்தை யார் வேண்டாம் என்பார்கள்? அந்தத் தாளில் பத்து இடமும் நிரம்பியிருந்தால், தாராளமாக வாங்கச் சொல்லுங்கள். பக்கத்து ஆசனம் உங்களுடையது!