ஓசியில் கிடைத்த ஐரோப்பா

ஒரு படம் ஓடிவிட்டால் அதற்கு இரண்டாம் பாகம் எடுப்பது இந்தி, தமிழ், தெலுங்கு என்று எல்லா மொழிகளிலும் இப்போது வழக்கமாகிவிட்டது. அதே பெயர், அதே நடிகர், கூடுதல் செலவு. ஆனால் முதல் படத்தை ஜனங்கள் ஏன் ரசித்தார்கள் என்ற கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதில்லை. கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1985-ல் வந்த 'ஐரோப்பியன் வெக்கேஷன்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் படம் நல்ல பாடம்.

இதன் முதல் படமான 'வெக்கேஷன்' 1983-ல் வெளிவந்தது. ஜான் ஹியூஸ் 1979-ல் 'நேஷனல் லாம்பூன்' பத்திரிகையில் எழுதிய கதையைத் தாமே திரைக்கதையாக்க, ஹெரால்ட் ராமிஸ் டைரக்ட் செய்தார். கிளார்க் கிரிஸ்வால்ட் என்ற சம்பளக்காரர் (செவி சேஸ்) மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, சிகாகோ பக்கமிருந்து கலிபோர்னியாவில் உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் புறப்படுகிறார். வழியெல்லாம் தொல்லை. கேட்ட கார் ஒன்று, கிடைத்த கார் வேறொன்று. கைப்பணம் தீர்ந்துபோகிறது. கூட வந்த வயதான உறவுக்கார அம்மாள் வழியிலேயே காலமாகிவிடுகிறாள். ஒருவழியாகப் பூங்கா வாசலை அடைந்தால், பழுது பார்ப்பதற்காக இரண்டு வாரம் மூடியிருக்கிறது!

அந்த இடத்தில் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. போனது அந்த மனிதரின் சொந்த லீவு, சொந்தப் பணம், பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு அல்லவா?

இரண்டாவது படத்திலோ, பன்றி வேஷம் போட்டுக்கொண்டு டெலிவிஷன் போட்டியில் கலந்துகொள்ளும் இதே குடும்பத்துக்கு ஐரோப்பியப் பயணம் பரிசாக விழுகிறது. படம் அங்கேயே சரிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். உழைத்துச் சேர்த்த காசில் கிளம்பாதவருக்கு இழப்பதற்கு என்ன இருக்கிறது? ஆகவே அடி பெரும்பாலும் மற்றவர்கள் மேல் விழுகிறது. லண்டனில் ஒரு சைக்கிள்காரர் அடிபடுகிறார். காரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டோன்ஹெஞ்சின் பழங்காலக் கற்கள் சாய்கின்றன. ஜெர்மனியில் நடனம் அடிதடியாக முடிகிறது. ரோமில் திருடர்களைத் துரத்தும் கதையாகிவிடுகிறது. பிள்ளைகளாக நடித்தவர்களையும் மாற்றிவிட்டார்கள்.

டைரக்டர் ஏமி ஹெக்கர்லிங் திறமை இல்லாதவர் அல்ல. ஒரு காட்சியில் அது தெரிகிறது. லண்டனில் ரவுண்டானாவுக்குள் காரை விட்ட கிளார்க், வெளியேற வழி தெரியாமல் இருட்டும்வரை சுற்றுகிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் பிள்ளைகளுக்குப் பிக் பென் கடிகாரத்தையும் பார்லிமெண்டையும் காட்டிக்கொண்டே இருக்கிறார். இன்றும் பலர் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். காரணம், பிள்ளைகளுக்கு எதையாவது காட்டிவிட வேண்டும் என்று தவிக்கும் பழைய தகப்பன் இங்கே திரும்பி வருகிறார்.

இலவசப் பயணத்திலும் நல்ல கதை இருக்கிறது. நான் ரயில்வேயில் பாஸ் வாங்கிப் போகிறவன் என்பதால் சொல்கிறேன். டிக்கெட் இலவசம் என்றால் பயணம் இலவசம் என்று அர்த்தமல்ல. ஸ்டேஷனை விட்டு இறங்கியதும் ஆட்டோவுக்கும் ஓட்டலுக்கும் காசு வேண்டும். மேலதிகாரியிடம் லீவு வாங்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. பரிசுப் பயணத்தில் போன குடும்பம் இப்படித் திணறுவதைக் காட்டியிருந்தால் படம் வேறு மாதிரி அமைந்திருக்கும். அந்தப் பக்கமே போகவில்லை.

வசூலில் படம் தோற்றதாகச் சொல்ல முடியாது. முதல் படம் அமெரிக்காவில் சுமார் 6 கோடி டாலர் ஈட்டியது. இது சுமார் 5 கோடி. முதல் படத்தின் நல்ல பெயர் ஜனங்களைக் கொட்டகைக்கு அழைத்து வந்தது. கடன் வாங்கிய அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது 1989-ல் வந்த 'கிறிஸ்துமஸ் வெக்கேஷன்'. மறுபடியும் ஹியூஸ் எழுதியது. அதில் கிளார்க் எந்த ஊருக்கும் போகவில்லை. போனஸ் வரும் என்று நம்பி வீட்டில் நீச்சல் குளம் கட்ட முன்பணம் கொடுத்துவிடுகிறார். கம்பெனி தந்ததோ, மாதாமாதம் ஜெல்லி அனுப்பும் ஒரு வருஷச் சந்தா! போனஸை எதிர்பார்த்துக் கணக்குப் போட்டுப் பழகிய எவருக்கும் இந்த நகைச்சுவையை விளக்க வேண்டியதில்லை.

மே மாத லீவில் ஊருக்குப் போக, முன்பதிவு திறக்கும் அன்று விடியற்காலையில் வரிசையில் நிற்கும் மும்பைத் தமிழரும் ஒரு கிரிஸ்வால்ட்தான். அவரைப் பார்த்துச் சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் அவர் போட்ட கணக்கையும் பட்ட கவலையையும் தெரிந்துகொண்டு சிரிக்க வேண்டும். அடுத்த பாகத்துக்குப் பூஜை போடும் படாதிபதிகள் வெளிநாட்டு லொகேஷனைத் தேடும் முன் இதைக் கொஞ்சம் யோசிப்பார்களா?